பொடி எழுத்துக்காரர்கள்

ராக் கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். கூட்டம் வந்து சேர்ந்து, சமோசாவோ பியரோ வாங்கிக்கொண்டு, தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேடையில் வாசித்துக்கொண்டிருப்பவர்கள். ஓப்பனிங் ஆக்ட் என்பார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக. சரியாகச் சொன்னால், அவர்களும் மெயின் பேண்டும் சேர்ந்த சில விசித்திரமான ஜோடிகளைப் பற்றி. ரொம்ப நாளாக மனசில் கிடந்த விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதலில் இவர்கள் பிழைப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அரை மணி, மிஞ்சிப் போனால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். மெயின் பேண்டின் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஏற்கெனவே மேடையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் மிச்சம் இருக்கும் ஓரடி ஈரடி இடத்தில் இவர்கள் நிற்க வேண்டும். சாயங்காலம் சவுண்ட் செக் மெயின் பேண்டுக்குத்தான் முதலில் நடக்கும். நேரம் மிச்சமிருந்தால் இவர்களுக்கு. பல ஊர்களில் மிச்சமிருக்காது. விளக்கும் பாதி, சத்தமும் கொஞ்சம் குறைவு. பெரிய பேண்டோடு ஊர் ஊராகப் போகும் வாய்ப்புக்காகச் சின்ன பேண்டின் கம்பெனி எதிர்ப்பக்கத்துக்குப் பணம் கட்டுவதும் உண்டு. இத்தனைக்கும் மேல், எதிரே இருக்கும் கூட்டம் வேறு யாருக்காகவோ வந்த கூட்டம்.

இந்த விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஜோடி ஒன்று இருக்கிறது. 1967 ஜூலை. மெயின் பேண்ட் மங்கீஸ். ஓப்பனிங், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

மங்கீஸ் ஒரு டிவி தொடருக்காக ஆள் தேர்வு வைத்துச் சேர்த்த நாலு பையன்கள். 1966 செப்டம்பரில் என்பிசி-யில் தொடர் ஆரம்பித்தது. முதல் நான்கு ஆல்பங்களும் அமெரிக்காவில் முதலிடம். ரசிகர்கள் யார் என்றால் எட்டு, பத்து, பன்னிரண்டு வயசுப் பெண்பிள்ளைகள். பக்கத்தில் காவலுக்கு அம்மாக்கள். இவர்கள் முன்னால் ஹெண்ட்ரிக்ஸை நிறுத்துவது என்ற மகா யோசனை எப்படி வந்தது?

மங்கீஸின் மிக்கி டோலென்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் பெரிய பெயர் ஆவதற்கு முன்பே நியூயார்க்கில் அவர் பல்லால் கிட்டார் வாசிப்பதைப் பார்த்தவர். பிறகு 1967 ஜூன் 18-ம் தேதி மான்டரே திருவிழாவிலும் பார்த்தார். ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்த ராத்திரி அது. (அதே நாள் மதியம் அதே மேடையில் வாசித்தவர் நம் ரவிசங்கர். வாத்தியத்தைக் கொளுத்துவதைப் பார்த்து அவர் மனசு நொந்துபோனார். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைக் காலால் மிதித்தால் நம் பாட்டிகள் என்ன பார்வை பார்ப்பார்களோ அந்தப் பார்வை. அவர் பிறகு வருவார்.) ஹெண்ட்ரிக்ஸுக்கோ அமெரிக்காவில் இன்னும் பெயர் வரவில்லை. முதல் ஆல்பம் மே மாதம் இங்கிலாந்தில் வந்துவிட்டது, அமெரிக்காவில் ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. அதனால் ஜூலையில் அந்தக் குழந்தைகளுக்கு அவர் யார் என்று தெரியவே வழியில்லை. மேனேஜர் மைக் ஜெஃப்ரி, "பெரிய கூட்டம், கிடைத்தவரை லாபம்" என்று கணக்குப் போட்டார். இதில் தமாஷ் என்னவென்றால், சில மாதங்களுக்கு முன்புதான் ஹெண்ட்ரிக்ஸ் ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பேட்டியில் மங்கீஸை பாத்திரம் கழுவின தண்ணீரோடு ஒப்பிட்டிருந்தார் :-)

ஜூலை 8-ம் தேதி ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆரம்பம். ஹெண்ட்ரிக்ஸ் பாட ஆரம்பித்ததும் குழந்தைகள் "டேவி, டேவி" என்று கத்துகிறார்கள். டேவி ஜோன்ஸ், நாலு பேரில் அழகுப் பையன். ஹெண்ட்ரிக்ஸ் "ஃபாக்ஸி லேடி" பாடினால் அந்த இடைவெளிகளை இவர்கள் "டேவி" போட்டு நிரப்பினார்களாம். அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். 16-ம் தேதி நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸோடு ஹெண்ட்ரிக்ஸ் கழன்றுகொண்டார். மொத்தம் ஒன்பது நாள் கூத்து.

வெளியே சொன்ன காரணம் இன்னும் ஜோர். அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்று பழமையில் ஊறிய ஒரு பெண்கள் சங்கம் இருக்கிறது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஹெண்ட்ரிக்ஸ் நீக்கப்பட்டார் என்று செய்தி. லிலியன் ராக்ஸன் என்ற பத்திரிகையாளர் விளையாட்டாகக் கிளப்பிவிட்டது அது. உண்மையென்று நம்பி பத்திரிகைகளும் போட்டன, இன்றுவரை சிலர் நம்புகிறார்கள்.

எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. மங்கீஸ் பசங்க தினமும் சீக்கிரமே வந்து மேடை ஓரத்தில் நின்று ஹெண்ட்ரிக்ஸைக் கேட்டார்கள். "டிவி பொம்மைகள், வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று ஊரே அவர்களை ஏளனம் செய்துகொண்டிருந்த நேரம். தங்களுக்கு எது நல்ல சங்கீதம் என்று தெரியும் என்பதைக் காட்ட அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? பிரிந்ததும் சண்டையில்லாமல்தான். அந்த ஜோடி தப்பான ஜோடிதான், ஆனால் தப்பான மனசில் பிறந்தது இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. டேவி ஜோன்ஸுக்கு இந்தக் கூச்சல் ஆசை வந்ததே ஒரு ஓப்பனிங் மாதிரியான நிகழ்ச்சியில்தான். 1964 பிப்ரவரி 9, எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முதல் முறை அமெரிக்காவுக்குத் தோன்றிய ராத்திரி. அதே நிகழ்ச்சியில் "ஆலிவர்" நாடகக் குழுவோடு டேவியும் பாடினார். பீட்டில்ஸுக்காகப் பெண்கள் அலறியதைப் பார்த்துவிட்டு, இது எனக்கும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாராம். மூன்று வருஷத்தில் கிடைத்தது.

அந்த பீட்டில்ஸும் ஒரு காலத்தில் பொடி எழுத்துக்காரர்கள்தான். 1963 பிப்ரவரியில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம். மெயின் யார் என்றால் ஹெலன் ஷபீரோ. பதினாறு வயசுப் பெண். பதினாலு வயசிலேயே ஹிட் கொடுத்தவர். பீட்டில்ஸ் போஸ்டரில் அவருக்குக் கீழே இருந்தார்கள். ஆனால் அந்தப் பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே "ப்ளீஸ் ப்ளீஸ் மீ" மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் கிடைத்த ஒரு இடைவெளியில், பிப்ரவரி 11-ம் தேதி ஒரே நாளில் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பப் பயணத்துக்கு வந்தார்கள். 28-ம் தேதி யார்க்கிலிருந்து ஷ்ரூஸ்பரி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்த ஹிட்டை எழுதினார்கள்.

ஹெலனுக்காகவே லெனனும் மெக்கார்ட்னியும் "மிஸரி" என்று ஒரு பாட்டு எழுதினார்கள். அவருடைய ரெக்கார்டிங் பொறுப்பாளர் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அதே பஸ்ஸில் வந்த கென்னி லிஞ்ச் எடுத்துப் பாடினார். பீட்டில்ஸ் எழுதிய பாட்டை வேறொருவர் பதிவு செய்தது அதுதான் முதல் தடவை. ஹெலனை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். பதினாறு வயசில் கொட்டை எழுத்தில் பெயர். ஆனால் கூட்டத்தின் சத்தம் ஒவ்வொரு ஊரிலும் தனக்கு முன்னால் பாடுகிறவர்கள் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. அதை முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறார்.

மே மாதம் ராய் ஆர்பிசனோடு பயணம். அவர்தான் மெயினாக இருக்க வேண்டியது, ஆனால் கடைசியில் வாசிக்கும் இடத்தை பீட்டில்ஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அவரும் விட்டுக்கொடுத்தார். ஆனால் மேடையில் அசையாமல் நின்று அந்தக் குரலில் பாடினால் ஜனங்கள் இறங்க விடுவார்களா? ஆர்பிசனுக்குப் பிறகு மேடை ஏறுவது எவ்வளவு பயமாக இருந்தது என்று ரிங்கோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1988-ல் ஆர்பிசனும் ஜார்ஜ் ஹாரிசனும் டிராவலிங் வில்பரீஸ் என்று ஒரே பேண்டில் சேர்ந்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஆர்பிசன் காலமானார்.

இனி கொஞ்சம் கசப்பான கதை.

1981 அக்டோபர் 9. லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம். சுமார் 90 ஆயிரம் பேர். மெயின் ரோலிங் ஸ்டோன்ஸ். முன்னால் ஜார்ஜ் தொரோகுட், ஜே. கைல்ஸ் பேண்ட். இவர்கள் இருவரும் ஸ்டோன்ஸ் மாதிரியே ப்ளூஸ் கலந்த ராக் வாசிப்பவர்கள், பிரச்சினையே இல்லை. இவர்களுக்கும் முன்னால், முதல் ஆளாக, பிரின்ஸ். 23 வயசு. நான்காவது ஆல்பம் வெளிவர இன்னும் சில நாட்கள்தான். ஒரு மழைக்கோட்டு, உள்ளே கறுப்பு ஜட்டி. அவ்வளவுதான் உடை. பேஸ் கிட்டார் வாசித்த பையன் பேண்டில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். எதிரே 90 ஆயிரம் பேர்!

பாட ஆரம்பித்ததும் கூச்சல். வசவு. கறுப்பன் என்பதற்கு ஒரு வசவு, பெண்மை கலந்த உடைக்கு ஒரு வசவு. பிறகு பாட்டில்கள், தின்பண்டம், கோழிக்கறிப் பொட்டலம் வரை மேடைக்குப் பறந்து வந்தது. சில பாட்டுகளோடு பிரின்ஸ் மேடையை விட்டுப் போய்விட்டார். மேடையை விட்டு மட்டுமில்லை, ஊரை விட்டே. விமானம் ஏறி மினியாபொலிஸில் தன் வீட்டுக்குப் போய்விட்டார். நிகழ்ச்சியை நடத்திய பில் கிரஹாம் மேடைக்கு வந்து கூட்டத்தைத் திட்டினார்.

ஏன் இப்படி? சும்மா குடித்துவிட்டு ஆடிய கூட்டம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு வருஷம் முன்னால், 1979 ஜூலை 12-ம் தேதி சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கொண்டாடிய காலம் அது. அமெரிக்க ரேடியோவில் "ராக்" என்றால் வெள்ளைக்காரர், நடனப் பாட்டு என்றால் கறுப்பர் என்று நிலையங்களே பிரிந்து கிடந்தன. ராக் நிலையம் மட்டும் கேட்டு வளர்ந்த பையனுக்கு பிரின்ஸ் எதிராளி. இத்தனைக்கும் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பரின் பாட்டிலிருந்து எடுத்தவர்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

ஸ்டோன்ஸ் இந்த விஷயத்தில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1969 அமெரிக்கப் பயணத்தில் பி.பி. கிங்கும் ஐக் அண்ட் டீனா டர்னரும் முன்னால் வாசித்தார்கள். அந்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரி ஆல்பத்தை 2009-ல் மறுபடி வெளியிட்டபோது ஓப்பனிங் வாசிப்புகளையும் சேர்த்தே போட்டார்கள். ஓப்பனிங் ஆக்டுக்கு இப்படி ஒரு மரியாதை அபூர்வம், தேடிக் கேளுங்கள். டீனாவுக்குப் பிறகு மேடை ஏறும் மிக் ஜாகரின் கஷ்டம் புரியும். 1972-ல் ஸ்டீவி வொண்டர். 22 வயசு. சின்னப் பிள்ளை நட்சத்திரம் என்ற பெயரை உதறிவிட்டுப் புதுசாக ஏதோ செய்ய ஆரம்பித்திருந்தார். ஸ்டோன்ஸின் வெள்ளைக்காரக் கூட்டம் அவரை இரண்டு மாதம் தினமும் கேட்டது. பல ஊர்களில் கடைசியில் எல்லோரும் ஒன்றாக மேடையில். அந்த அக்டோபரில் "சூப்பர்ஸ்டிஷன்" வந்தது. 1973 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம்.

ஆக 1972-ல் வேலை செய்த அதே சூத்திரம் 1981-ல் வேலை செய்யவில்லை. ஒன்பது வருஷத்தில் கூட்டம் பின்னால் போயிருக்கிறது.

பிரின்ஸ் கதை முடியவில்லை. ஜாகர் போன் போட்டுப் பேசினார். அவருடைய கிட்டாரிஸ்ட் டெஸ் டிக்கர்சனும் பேசினார். இரண்டு நாள் கழித்து, 11-ம் தேதி பிரின்ஸ் திரும்ப வந்தார். இந்தத் தடவை கூட்டம் தயாராகவே வந்திருந்தது, எறிய இன்னும் நிறையக் கொண்டுவந்திருந்தது. அவர் கடைசிவரை நின்று வாசித்துவிட்டுத்தான் இறங்கினார். மூன்று வருஷத்தில் "பர்ப்பிள் ரெய்ன்" 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. எனக்கு அந்த 24 வாரத்தைவிட இந்த இரண்டாம் நாள்தான் பெரிசாகத் தெரிகிறது. முதல் நாள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் தெரியும்.

என் சொந்தக் கதை ஒன்று இங்கே நாலு வரி. போன வருஷம் எங்கள் கல்ச்சுரல்ஸ் கடைசி நாளில், சிறப்பு விருந்தினராக வந்த பின்னணிப் பாடகருக்கு முன்னால் எங்கள் காலேஜ் பேண்டுக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். நான் கீபோர்டு. இரண்டாவது பாட்டிலேயே அவர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கத்தினவர்களில் பாதிப் பேர் என் கிளாஸ்மேட்ஸ், மத்தியானம் மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். (படிக்கிறீர்களா கண்ணுங்களா?) ஒரு தண்ணீர் பாட்டில் டிரம்ஸ் மேல் விழுந்தது, காலி பாட்டில்தான். எங்கள் டிரம்மர் நிறுத்தவில்லை. பாடகர் மேடை ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், போனைப் பார்த்துக்கொண்டு. அவர் மைக்கைப் பிடித்ததும் "உங்க எனர்ஜி சூப்பர்" என்று கூட்டத்தைத்தான் பாராட்டினார். அதற்குப் பிறகுதான் நான் இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொட்டை எழுத்துக்காரர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பதே எனக்குக் கேள்வி.

எல்விஸ் காஸ்டெல்லோ கோபப்பட்டார். 1978 ஜூன் 16, பிரஸ்ஸல்ஸ். அவருக்கு முன்னால் வாசித்தது சூயிசைட் என்ற நியூயார்க் ஜோடி. ஆலன் வேகா பாடுவார், மார்ட்டின் ரெவ் கீபோர்டும் டிரம் மெஷினும். கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஒரே தாளம், மேலே முனகலும் அலறலும். கூட்டம் ஊளையிட்டது, எல்விஸ் பெயரைக் கோஷம் போட்டது, ஒரு கட்டத்தில் மைக்கையே பிடுங்கிக்கொண்டது. 23 நிமிஷத்தில் முடிந்தது. பிறகு மேடை ஏறிய காஸ்டெல்லோ கடுப்பில் சீக்கிரமே முடித்துவிட்டு இறங்க, அரங்கில் கலவரம், போலீஸ். அந்த 23 நிமிஷமும் கேசட்டில் பதிவாகி, பிற்காலத்தில் ஆல்பத்தோடு சேர்த்தே விற்றார்கள். கேட்டால் சங்கீதத்தைவிடக் கூட்டம்தான் தெளிவாகக் கேட்கும். ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாது.

கர்ட் கோபேன் செய்தது இதைவிடக் குசும்பு.

1992 அக்டோபர் 30. பியூனஸ் அயர்ஸ், வெலஸ் சார்ஸ்ஃபீல்டு கால்பந்து மைதானம். நிர்வாணா புகழின் உச்சியில். முன்னால் வாசிக்க கலாமிட்டி ஜேன் என்ற பெண்கள் பேண்டை அமெரிக்காவிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய பெயரெல்லாம் இல்லை, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டிலிருந்து வந்த சின்ன பேண்ட். அவ்வளவு பெரிய மைதானத்தில் பெண்கள் கிட்டாரோடு வந்து நின்றதும் ஆரம்பித்தது. மண்ணாங்கட்டி, காசு, எச்சில், கெட்ட வார்த்தை. அவர்கள் அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

கோபேன் எல்லாவற்றையும் உடைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்ற நிலையில் இருந்தார். பேஸ் வாசிக்கும் கிறிஸ்ட் நோவோசெலிக் சமாதானப்படுத்தினார். மேடை ஏறி என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் யாருக்கும் தெரியாத ஒரு இரைச்சலை வாசித்தார்கள். பிறகு, அத்தனை பேரும் எந்தப் பாட்டுக்காக வந்திருந்தார்களோ அந்த "ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்" பாட்டின் ஆரம்ப கிட்டாரை கோபேன் வாசிப்பார். கூட்டம் குதிக்கும். நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுவார். மறுபடி அதே ஆரம்பம், மறுபடி வேறு பாட்டு. அந்தப் பாட்டைக் கடைசிவரை வாசிக்கவே இல்லை. இலை போட்டு, பாயசத்தைக் கண்ணில் காட்டிக் காட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி :-)

வீடியோ கிடைக்கிறது, பாருங்கள். வேண்டுமென்றே மோசமாக வாசிப்பதிலும் ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். காசு கொடுத்து வந்தவர்களில் மண் எறியாதவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று என் ரூம்மேட் கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கோபேன் பக்கம். "ப்ளீஸ், அவர்களுக்கும் கை தட்டுங்கள்" என்று மைக்கில் கெஞ்சியிருந்தால் கூட்டம் ஒரு நிமிஷம் கைதட்டிவிட்டு மறந்திருக்கும். ஒரு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். கலாமிட்டி ஜேன் அந்தப் பயணத்துக்குப் பிறகு கலைந்துவிட்டது. கோபேனின் பழிவாங்கல் அவர்களுக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

இப்போது ரவிசங்கர் கதை. நம்மவர்கள் வருகிற இடம்.

1971 ஆகஸ்ட் 1. மேடிசன் ஸ்கொயர் கார்டன், வங்கதேச அகதிகளுக்காக ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய கச்சேரி. மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று, மொத்தம் 40 ஆயிரம் பேர். ஹாரிசன், ரிங்கோ, எரிக் கிளாப்டன், பாப் டிலன் எல்லோரும் வரும் மேடை. ஓப்பனிங், ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா, கமலா சக்ரவர்த்தி தம்பூரா. ஹாரிசனே முன்னால் வந்து, இது கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டிய சங்கீதம் என்று கூட்டத்தைத் தயார்ப்படுத்திவிட்டுப் போனார். அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் ரெக்கார்டிலேயே இருக்கிறது. கேலிக்காகச் சொல்லப்படும் கதைதான் இது. ஆனால் தெரியாத சங்கீதத்துக்கு மரியாதையாகக் கைதட்டின அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. பிரின்ஸுக்கு இப்படி ஒரு கூட்டம் கிடைத்திருக்கலாம்.

அந்த வெற்றியின் தைரியத்தில் 1974 நவம்பர் 2-ம் தேதி ஹாரிசன் வான்கூவரில் ஒரு சுற்றுப்பயணம் ஆரம்பித்தார். பீட்டில்ஸ் பிரிந்த பிறகு நாலு பேரில் ஒருவர் தனியாக வட அமெரிக்கா சுற்றியது அதுதான் முதல் முறை. கூட்டம் என்ன எதிர்பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹாரிசன் கூட்டிக்கொண்டு போனது ஒரு முழு இந்தியக் குழுவை. ரவிசங்கர், அல்லா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா, சுல்தான் கான், லக்ஷ்மி சங்கர். வயலின், எல். சுப்ரமணியம். மிருதங்கம், டி.வி. கோபாலகிருஷ்ணன்.

கடைசி இரண்டு பெயரில் கொஞ்சம் நில்லுங்கள். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்ரமணியம். இளையராஜாவுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்த டி.வி.ஜி. ஒரு பீட்டில்ஸ்காரரின் அமெரிக்க ராக் பயணத்தில், ஹாக்கி மைதானங்களில், பல்லாயிரம் பேர் முன்னால் மிருதங்கம்! பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஆனால் பயணம் சரியாகப் போகவில்லை. ஹாரிசனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கடைசிவரை சரியாகவில்லை. கூட்டத்துக்குப் பழைய பீட்டில்ஸ் பாட்டு வேண்டும். அவர் பாடினதே கொஞ்சம், அதிலும் வரிகளை மாற்றிப் பாடினார். இந்தியப் பகுதி வந்தால் எழுந்து வெளியே போகிறவர்கள், கத்துகிறவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஹாரிசன் பொறுமை இழந்து, இந்திய சங்கீதத்துக்காக நான் உயிரைக் கொடுப்பேன், இதற்காக அல்ல என்று தன் கிட்டாரைக் காட்டிச் சொன்னார். சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு. அவர் இல்லாத நாட்களில் லக்ஷ்மி சங்கர் குழுவை நடத்தினார். டிசம்பர் 20-ம் தேதி நியூயார்க்கில் முடிந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதன் பிறகு ஹாரிசன் இன்னொரு சுற்றுப்பயணம் போனது 1991-ல், அதுவும் ஜப்பானுக்கு மட்டும்.

ஹாரிசன் பிடிவாதக்காரர், ரசிகர்களின் நாடி தெரியாதவர் என்று பொதுவாக எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சுலபமான வழி அவருக்குத் திறந்தே இருந்தது. ரவிசங்கரை முதல் இருபது நிமிஷத்தோடு நிறுத்தி, ஜனங்கள் பாப்கார்ன் வாங்கும் நேரத்தில் வாசிக்க வைத்துவிட்டு, மிச்ச நேரம் பழைய ஹிட்டுகளைப் பாடியிருந்தால் பயணம் அமோகம். கூட வந்த டி.வி.ஜி. மாதிரி ஒருவரைப் பாப்கார்ன் நேரத்தில் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை பதினேழு வருஷம்.

சந்தோஷமான ஜோடிகளும் உண்டு, அவற்றில் சொல்ல அதிகம் இருக்காது. 1988 கோடையில் ஏரோஸ்மித்துக்கு முன்னால் கன்ஸ் அண்ட் ரோஸஸ். ஏரோஸ்மித் அப்போதுதான் குடியையும் போதையையும் விட்டிருந்தார்கள், முன்னால் வாசிக்கிறவர்களோ அதிலேயே குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில், பயணத்தின் நடுவிலேயே, ஓப்பனிங் பேண்டின் ஆல்பம் நாட்டிலேயே முதலிடம். ஏரோஸ்மித்தைப் பற்றி எழுத வந்த ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கன்ஸ் அண்ட் ரோஸஸை அட்டையில் போட்டது. 1991 டிசம்பர் கடைசியில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸுக்கு முன்னால் நிர்வாணா, அதற்கும் முன்னால் பேர்ல் ஜாம். டிக்கெட் எடுத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இரண்டே வாரத்தில் நிர்வாணா ஆல்பம் முதலிடத்துக்குப் போய்விட்டது.

கடைசியாக நம் பக்கத்து ஊர். 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானம், அயர்ன் மெய்டன். இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் கறுப்பு டி-ஷர்ட்கள் வந்து குவிந்த நாள். சென்னையிலிருந்து ரயிலேறிப் போன சீனியர்கள் இன்னும் அந்த டி-ஷர்ட்டை வைத்திருக்கிறார்கள், இப்போது அது வயிற்றைத் தாண்டி இறங்காது. முன்னால் வாசித்தவர்கள் இருவர். ஒருவர் லாரன் ஹாரிஸ், மெய்டனின் பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். (அப்பா பேண்டுக்கு ஓப்பனிங் வாசிப்பது சுலபமா கஷ்டமா என்று தனியாக ஒரு பதிவு எழுதலாம்.) இன்னொன்று டெல்லியின் பரிக்ரமா. 1991-ல் ஆரம்பித்த பேண்ட், கிட்டாரோடு வயலினும் உண்டு, தங்கள் பாட்டுகளை விற்காமல் இணையத்தில் இலவசமாகவே கொடுத்தவர்கள்.

மெய்டன்காரர்களுக்கு இவர்கள் வாசிப்பு பிடித்துப்போனது. "நல்லா வாசிச்சீங்க" என்று கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஜூனில் இங்கிலாந்தின் டானிங்டனில் மெய்டன் தலைமை தாங்கிய டவுன்லோடு திருவிழாவில் வாசிக்க பரிக்ரமாவுக்கு அழைப்பு வந்தது. போய் வாசித்துவிட்டு வந்தார்கள்.